காஜா அக்கா கை தூக்கிய கதை

அந்த நான்கு மாடிக் குடியிருப்பில் காஜா அக்கா வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், யாரும் வீட்டைக் காட்ட மாட்டார்கள். வாசல் நடையைத்தான் காட்டுவார்கள். தெருக்கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்ததும் இடது கைப்பக்கம், தபால் பெட்டிகளுக்குக் கீழே, காலால் மிதிக்கிற தையல் இயந்திரம் ஒன்று இருக்கும். அதற்குப் பின்னால் ஒரு முக்காலி. முக்காலியில் கழுத்தைச் சுற்றி அளவு நாடாவோடு குனிந்த தலையாக ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தால் அவள்தான். சட்டையில் பொத்தான் நுழையப் போடுகிற ஓட்டைக்குத் தையல்காரர்கள் காஜா என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஊரில் ஐந்தாறு தையல் கடைகளுக்கு அவள் கையால் காஜா போட்டுக் கொடுக்கிறாள். அதில் ஒட்டிக்கொண்ட பேர்தான் இது. அவளுடைய சொந்தப் பேரைக் கேட்டால் அவள் கணவரே ஒரு நிமிடம் யோசிப்பார்.

காஜா போடுவதற்கு வேண்டியது இரண்டு: ஊசி, வெளிச்சம். ஊசி எங்கும் கிடைக்கும். முதல் மாடியின் பின்பக்க வீட்டில் குடியிருக்கிறவளுக்கு வெளிச்சத்துக்கு எங்கே போக? அவள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், கையை நீட்டினால் தொட்டுவிடலாம். பகலிலேயே விளக்குப் போட்டாலும் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் கண்ணுக்குப் பிடிபடாது. தெருக்கதவுப் பக்கம் மட்டும் காலையிலிருந்து நாலு மணி வரைக்கும் வெளிச்சம் கொட்டிக் கிடக்கும்.

அந்த இடத்துக்கு அவள் வந்து சேர்ந்த விதத்தைச் சொன்னால்தான் அவளைப் புரியும். பதினாறு வருடத்துக்கு முன்னால் மெஷினைக் கீழே இறக்கி மாடிப்படிக்கு அடியில் வைத்தாள். யார் கண்ணையும் உறுத்தாத இருட்டு மூலை. மாதம் பிறந்ததும் ஒரு சாண் வாசல் பக்கமாகத் தள்ளினாள். அடுத்த மாதம் இன்னொரு சாண். இப்படியே இரண்டு வருடத்தில் தபால் பெட்டிக்குக் கீழே வந்து நின்றுவிட்டாள். ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவளும் ஒருத்தரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த ரகசியத்தைக் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

கேட்பது என்றால் அவளுக்கு அப்படி ஒரு கூச்சம். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டால் "நிறுத்துங்க" என்று வாய் திறக்க மாட்டாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வேர்க்க விறுவிறுக்க நடந்தே திரும்புவாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் எனக்கு இது வேண்டும் என்று அவள் கேட்டதாக அவள் கணவருக்கு ஒன்றுகூட நினைவில்லை. மனுஷர் ஆஸ்பத்திரி கேன்டீனில் சமையல்காரர். நானூறு பேருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக் கேட்டுப் போடுகிறவர். வீட்டில் கேட்கிற பழக்கம் அவருக்கும் இல்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இப்படிப்பட்டவள் குடிமையியல் படிக்கப் போனாள் என்றால் நம்புவீர்களா? நகர நூலகத்துக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுத்திருந்தாள். அதை மாட்டுவதற்காக மாடி அறையில் முக்காலி போட்டு ஏறியபோது அங்கே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. 'குடிமையும் பொதுத் தலைமையும்', ஆறு மாதம், வாரத்தில் இரண்டு மாலை, யார் வேண்டுமானாலும் சேரலாம். டீச்சர் ஒல்லியாக, அக்காவைவிடப் பத்து வயதாவது சின்னவளாக இருந்தாள். பொது இடம் என்றால் யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று நினைக்காதீர்கள், எல்லாருக்கும் சொந்தமான இடம் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். முக்காலி மேல் நின்றவளுக்கு அது சுருக்கென்று பட்டது. தன் மெஷின் நிற்கிற நடை ஞாபகம் வந்துவிட்டது. திரைச்சீலையைத் தலைகீழாக மாட்டிவிட்டு இறங்கினாள். மறுநாள் அதைச் சரிசெய்யப் போகிற சாக்கில் பேரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

இருபத்திரண்டு பேர் படித்த வகுப்பில் கழுத்தில் அளவு நாடாவோடு வந்தவள் அவள் ஒருத்திதான். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்று பேர், ஆனால் சும்மா சொல்லக்கூடாது, பிடித்த பிடியை விடமாட்டாள். பாடத்தில் முக்கியமான வரிகளுக்குக் கீழே துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியால் கோடு போடுவாள். வீட்டுக்கு வந்து தட்டில் சோறு போட்டுக்கொண்டே கணவரிடம் தீர்மானம், திருத்தம், வாக்கெடுப்பு என்று ஒப்பிப்பாள். பயிற்சிக்காக, இன்னொரு கரண்டி வேண்டுமென்றால் கை தூக்கித்தான் கேட்க வேண்டும் என்று வீட்டில் சட்டம் கொண்டுவந்தாள். அவர் தலையிலடித்துக்கொண்டு கை தூக்குவார். கேன்டீனில் யாராவது வீட்டு நிலவரம் கேட்டால் "எங்க வீட்ல சட்டசபை நடக்குதுப்பா" என்பார். சலித்துக்கொள்கிற மாதிரி சொன்னாலும் குரலில் பெருமை ஒட்டிக்கொண்டிருக்கும்.

படிப்பு முடிகிற நேரத்தில் செய்முறைத் தேர்வு வந்தது. அவரவர் இருக்கிற இடத்தில் உண்மையான கூட்டம் ஒன்றைத் தலைமை ஏற்று நடத்த வேண்டும். நடந்ததை எழுதி, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி, டீச்சரிடம் கொடுக்க வேண்டும். குடியிருப்பில் அதுவரை கூட்டம் என்றால் மாடிப்படியில் நின்று ஆளாளுக்குக் கத்துவதுதான். அதற்கு எழுத்தே தேவைப்பட்டதில்லை. அக்கா பன்னிரண்டு வீட்டுக்கும் ஏறி இறங்கி, ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம், பேச வேண்டிய விஷயம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மூன்றாம் மாடியிலிருந்து பார்சல் தம்பி எழுதிக் கொடுத்தான். ஸ்கூட்டரில் வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். குடிவந்து ஒன்றரை வருடமாகிறது, நல்ல பையன்தான். தாளை நீட்டும்போதே அவன் முகம் சரியில்லை. அக்கா வாங்கிப் படித்தாள். வாசல் நடையைக் காலி செய்து இரு சக்கர வண்டிகள் நிறுத்த இடம் விட வேண்டும் என்றிருந்தது. கீழே அவன் போக இன்னும் நாலு வீட்டுக் கையெழுத்து.

அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று இருந்தது அவளுக்கு. ஆனால் படித்தவள் ஆயிற்றே, விண்ணப்பம் வாங்கினால் ரசீது கொடுக்க வேண்டும் என்று தெரியும். கையில் இருந்தது தையல் பில் புத்தகம் ஒன்றுதான். அதிலேயே 'விண்ணப்பம் ஒன்று, கையெழுத்து நாலு, டெலிவரி ஞாயிறு' என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தாள். டெலிவரி என்று எழுதியது பிறகுதான் உறைத்தது, அதற்குள் அவன் படியேறிவிட்டான்.

அன்றைக்குச் சாப்பிடும்போது கணவர் கை தூக்காமலேயே பேசினார். "உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கறியே. அந்தத் தாளைத் தூக்கிப் போடு, வேற விஷயம் பேசு, கையெழுத்து வாங்கு, வேலை முடிஞ்சுது." அப்படிச் செய்ய முடியாது என்றாள். வந்த விண்ணப்பத்தைத் தலைவர் மறைக்கக்கூடாது, பாடப் புத்தகத்தில் பக்கம் இருபத்தொன்று. "இடம் போச்சுன்னா எங்க உக்காருவே?" என்று கேட்டார். அவள் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள்.

அதற்கப்புறம் அவள் புத்தகத்தை விடவில்லை. எங்கேயோ படித்த ஒரு வரி அவளைக் குடைந்தது. தேடிப் பிடித்தாள்: சொந்த விஷயம் விவாதத்துக்கு வந்தால் தலைவர் நாற்காலியை விட்டு இறங்க வேண்டும். அந்தப் பாடம் நடந்த மாலை அவள் வகுப்புக்குப் போகவில்லை. நூற்று நாற்பது பள்ளிக்கூடச் சட்டை, சட்டைக்கு ஏழு காஜா, மறுநாள் காலை கொடுத்தாக வேண்டும் என்று மிச்சச் சட்டைகளோடு உட்கார்ந்திருந்தாள். டீச்சர் அந்த வரியை எப்படி விளக்கினாளோ தெரியாது. வெறுமனே இறங்கினால் போதாது, சபையை விட்டே வெளியே போய்விட வேண்டும் என்று அக்காவாக முடிவு செய்துகொண்டாள். நியாயம் என்று வந்தால் ஒரு விரற்கடை கூடுதலாகவே விட்டு வெட்டுவது தையல்காரி புத்தி.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு வீடும் நடையில் கூடியது. வீட்டுக்கு ஓர் ஓட்டு. மெஷினுக்கு மேல் சுத்தமான துணி விரித்து அதையே தலைவர் மேஜையாக்கியிருந்தாள். கத்தரிக்கோலின் பிடியால் இரண்டு தட்டுத் தட்டினாள், எல்லாரும் அடங்கினார்கள். பார்சல் தம்பியின் விண்ணப்பத்தை முழுசாகப் படித்தாள். பிறகு இது தன் சொந்த விஷயம் என்பதால் விதிப்படி நாற்காலியை விட்டு இறங்குவதாகச் சொல்லி, இரண்டாம் மாடிக் கண்ணாடிக்கடை அண்ணனைத் தலைமை ஏற்கக் கேட்டுக்கொண்டாள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர், வண்டியே இல்லாதவர், எறும்புக்கும் வழிவிடுகிற மனுஷர். அவர் திகைத்துப்போய் முக்காலியில் உட்கார, அக்கா தெருக்கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் விளக்குக்கம்பத்தடியில் நின்றுகொண்டாள்.

வெயில் உறைத்தது. உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று காதில் விழவில்லை, விழக்கூடாது என்று இன்னும் நாலடி தள்ளி நின்றாள். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். கதவு திறந்தது, பார்சல் தம்பி வெளியே வந்தான்.

"நீ ஏன்பா வந்தே? உன் விண்ணப்பம்தானே?" என்றாள்.

"அதான் வந்தேன். உங்களுக்குச் சொந்த விஷயம்னா எனக்கும் சொந்த விஷயம்தானேக்கா. எனக்கு மட்டும் மனசாட்சி இல்லையா?" என்று சொல்லி அவனும் கம்பத்தின் மறுபக்கம் போய் நின்றுகொண்டான்.

அவன் வந்ததைப் பார்த்து வண்டி வைத்திருக்கிற மற்ற நாலு வீட்டுக்காரர்களும் வந்தார்கள். உள்ளே உட்கார்ந்திருந்தால் நாளைக்குப் பேச்சு வரும் என்று ஒருவர் சொன்னார். அடுத்து, அக்காவிடம் துணி தைக்கக் கொடுத்திருந்த நாலு வீட்டுக்காரர்கள் வந்தார்கள். மெஷின் போனால் அவர்கள் துணியும் அல்லவா நின்றுபோகும்? கீழ்வீட்டு நர்ஸம்மா, ஒரு நாளைக்கு நாலு தடவை அந்த நடையில் நடக்கிற தனக்கும் சம்பந்தம் உண்டு என்று செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். அக்காவின் கணவர் எப்போது வந்தார் என்றே தெரியவில்லை, கூட்டத்தோடு கூட்டமாக நின்றுகொண்டிருந்தார். கடைசியில் கதவு இன்னொரு முறை திறந்தது. கண்ணாடிக்கடை அண்ணன் கையில் பாடப் புத்தகத்தோடு வந்து நின்றார். "உள்ள யாருமே இல்லம்மா. நான் யாருக்குத் தலைவர்?" என்றார் பாவமாக.

ஒரு கட்டடம் மொத்தமும் நேர்மை தாங்காமல் நடுத்தெருவில் வந்து நின்றதை நீங்கள் எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா? போகிற வருகிறவர்கள் நிலநடுக்கமா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். முதலில் நர்ஸம்மாதான் சிரித்தாள். அப்புறம் எல்லாருமே சிரித்தார்கள். அக்காவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒரு கூட்டத்தை நடத்தத் துப்பில்லாமல் போய்விட்டதே என்று கண் கலங்கிவிட்டது. கணவர்தான் போனை எடுத்து, டீச்சர் நம்பரைப் போட்டு, அவள் கையில் கொடுத்தார்.

டீச்சர் முழுசாகக் கேட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. பிறகு கனிவாகச் சொன்னாள். "நாற்காலியை விட்டு இறங்கினது சரிம்மா. வெளியே போகச் சொன்னது யாரு? இறங்கிட்டா நீங்களும் ஒரு வீட்டுக்காரங்க, அவ்வளவுதான். தனக்கு வேணுங்கறதை வீட்டுக்காரங்க வந்து சொல்லணும். சம்பந்தம் இருக்கிறவங்க எல்லாரும் எழுந்து போயிட்டா, அப்புறம் யாருக்காகக் கூட்டம்?"

எல்லாரும் திரும்ப உள்ளே போனார்கள். கண்ணாடிக்கடை அண்ணன் முக்காலியில் உட்கார்ந்தார். அக்கா மாடிப்படியின் கடைசிப் படியில், கணவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பதினாறு வருடத்தில் அந்த மெஷினை அவள் எதிர்ப்பக்கமிருந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

பார்சல் தம்பி முதலில் பேசினான். விடிவதற்கு முன்னால் கிளம்புகிறவன், மதியம் இரண்டு மணிக்கு வந்து தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு மேலே போய்ப் படுக்கிறான். நாலு மணிக்கு மறுபடி கிளம்பிக் கொடுக்க வேண்டிய மிச்சப் பார்சல் வண்டிப் பெட்டியில் இருக்கும். மூன்று மாதத்தில் இரண்டு முறை பெட்டியை உடைத்திருக்கிறார்கள். இன்னொரு தடவை பார்சல் தொலைந்தால் வேலை போய்விடும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். தூக்கமே வருவதில்லை, ஜன்னலில் உட்கார்ந்து வண்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றான். அக்காவுக்கு இதெல்லாம் தெரியாது. பாவம், இந்தப் பிள்ளை கேட்பதும் நியாயம்தானே என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அப்படித் தோன்றியதும் தனக்கு வேண்டியதைச் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

வேறு யாராவது பேசுகிறீர்களா என்று தலைவர் கேட்டார். அக்கா எழுந்தாள். நாடாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள்.

"பதினாறு வருஷம் முன்னாடி இந்த மெஷினைப் படிக்கு அடியில வச்சேன். அப்புறம் மாசத்துக்கு ஒரு சாணா இங்க நகத்திக்கிட்டு வந்தேன். உங்க யாரையும் கேக்கல. கேட்டா இல்லன்னு சொல்லிடுவீங்களோன்னு பயம். என் வீட்ல வெளிச்சம் கிடையாது. கறுப்புத் துணி இங்க உக்காந்தாதான் எனக்குக் கண்ணு தெரியுது. இந்த இடம் எனக்கு வேணும். இப்பக் கேக்கறேன்."

நர்ஸம்மாதான் வாய் திறந்தாள். "மாசாமாசம் முழங்கால்ல இடிச்சுக்கிட்டோமே, எங்களுக்கா தெரியாது? நீயா ஒரு நாள் கேப்பேன்னுதான் இருந்தோம்."

பழைய குடித்தனக்காரர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பதினாறு வருடமாக வாயை மூடிக்கொண்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அக்கா பொத்தென்று படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஓட்டெடுப்பு வந்தது. நடையைக் காலி செய்ய வேண்டும் என்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். பார்சல் தம்பி கை தூக்கினான், அக்காவின் முகத்தைப் பார்க்காமல். மொத்தம் ஐந்து. மெஷின் இருக்கட்டும் என்கிறவர்கள்? ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. கண்ணாடிக்கடை அண்ணன் இரண்டாம் முறை எண்ணினார். ஐந்துக்கு ஐந்து. சமமாக வந்தால் தலைவர்தான் ஒரு பக்கம் சொல்லியாக வேண்டும் என்று புத்தகத்தில் படித்திருந்தார் போலிருக்கிறது, கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் ஒரு வீடு கை தூக்கலையே" என்றார்.

அக்காவின் இரண்டு கையும் மடியில் கிடந்தன. கணவர் தூக்கியிருக்கலாம், அவருக்கும் அது வீடுதானே. அவர் தூக்கவில்லை. குனிந்து அவள் காதோடு, "நம்ம வீட்டு ஓட்டு உன்னுது. எனக்கு இன்னொரு கரண்டி வேணும்னா நான் தூக்கறேன் இல்ல? உனக்கு வேணும்னா நீ தூக்கு" என்றார்.

அவள் தூக்கினாள். முழுசாகக்கூட இல்லை, காது உயரத்துக்கு.

"ஆறு," என்றார் கண்ணாடிக்கடை அண்ணன். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கூட்டம் கலைவதற்குள் அக்கா இன்னொரு முறை எழுந்தாள். தம்பியின் வண்டியைக் கதவுக்கு நேர் எதிரே தெருவில் நிறுத்தட்டும், இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் தன் கண் அதன் மேல்தான் இருக்கும் என்று சொன்னாள். இதற்கு ஓட்டெடுப்புத் தேவைப்படவில்லை. அவன் அறிக்கையில் கையெழுத்துப் போட்டு, பேருக்குப் பக்கத்தில் 'எதிர்த்து ஓட்டுப் போட்டவன்' என்று எழுதினான். அப்படியெல்லாம் எழுத வேண்டியதில்லை என்றாள் அக்கா. இருக்கட்டும், உண்மைதானே என்றான்.

திங்கட்கிழமை காலையில் அக்கா மெஷினில் உட்கார்ந்தபோது அந்த மாதத்துச் சூரியன் கொஞ்சம் ஒதுங்கியிருந்தது. வெளிச்சத்தின் விளிம்பு துணிக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. பழக்கதோஷம், இரண்டு கையும் மேஜையைப் பிடித்துத் தள்ளப் போயின. பாதியில் நிறுத்திக்கொண்டாள். மறந்துவிட்ட எதையோ எடுத்துப்போக வந்த பார்சல் தம்பி ஹெல்மெட்டோடு படியிறங்கிக்கொண்டிருந்தான்.

"தம்பி, இதை ஒரு சாண் நகத்திக்கலாமா?" என்று கேட்டாள்.

அவன் நின்றான். ஹெல்மெட்டைக் கழற்றினான். "தனியாத் தள்ளாதீங்கக்கா" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் வந்து பிடித்தான்.